உப்பு வாளியைத் தூக்காதவள்

1

போன மாதம் பேர்கனுக்கு வடக்கே ஒரு மலையோடைக் கரையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அங்கே சின்னதாக ஒரு நீர்மின் நிலையம் கட்டலாமா என்று பார்ப்பதற்கு முன், ஓடையில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று அளக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. உப்பை வாளியில் கரைத்து மேலே ஊற்றுவார்கள். கீழே கொஞ்சத் தூரத்தில் ஒரு கருவி தண்ணீரில் இருக்கும். உப்புத் தண்ணீர் அதைக் கடக்கும்போது இலக்கம் ஏறி, பிறகு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து ஓடையின் அளவைக் கணக்குப் போட்டுவிடலாம். நோர்வேயில் என் சோறு இந்த வேலையில்தான் வேகிறது.

என்னோடு வேலை செய்யும் பொடியன் ஒருவன் வாளியைச் சரிக்கும்போது, ஒரு கிழவி நாயோடு வந்தாள். என்ன ஊற்றுகிறீர்கள் என்று கேட்டாள். உப்பு என்றான். "ஓ, அப்படியா" என்றாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவளுடைய நாய் கீழே இறங்கி, அதே தண்ணீரைச் சப்புக்கொட்டிக் குடித்தது. அவள் நாயை இழுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான்தான் நாய் தள்ளாடுகிறதா என்று, அது கண்ணை விட்டு மறையும்வரை பார்த்தேன்.

நான் எங்கே நின்றேன் என்றால், கீழே, கருவிக்குப் பக்கத்தில். எப்போதும் அங்கேதான் நிற்பேன். இந்த நாட்டில் வேலை தொடங்கிய நாளிலிருந்து நான் உப்பு வாளியைத் தூக்கியதில்லை. எனக்கு முதுகு நோ என்று கூட வேலை செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். அடிக்கடி முதுகைப் பிடித்துக்கொண்டு, அந்த நினைப்புக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்து வருகிறேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால், மகள் ஆரணி வாசலிலேயே நின்றாள். அவளும் பொறியியல்தான் படிக்கிறாள். நான் சொல்லிப் படிக்கவில்லை, நான் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

"அம்மா, எனக்குக் கிடைச்சிட்டுது."

"என்ன?"

"புரொஜெக்ட். ஸ்ரீலங்கா. கண்டிப் பக்கம். ரெண்டு மாசம்."

அவளுடைய பல்கலைக்கழகமும், தண்ணீரில் சுழலும் விசையாழி செய்யும் இங்கத்தைய கம்பனி ஒன்றும், மகாவலிக் கரையில் நான் படித்த அதே பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு திட்டம் வைத்திருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களின் ஓடைகளில் மின்சாரம் எடுப்பது. கம்பனி காசு தரும், பல்கலைக்கழகங்கள் பிள்ளைகளைத் தரும், மலை தண்ணீரைத் தரும். எல்லோரும் கைகோத்து நிற்கும் படம் ஒன்றைக் காட்டினாள். நாலு பேர் கைகோத்து நின்றால், யாருடைய கை யாருடைய சட்டைப்பைக்குள் இருக்கிறது என்று பார்க்கிற பிறவி நான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நடுவில் நரைத்த தலையும் கண்ணாடியுமாக நின்றவர்தான் கண்டிப் பக்கத்துப் பொறுப்பாளராம். பேராசிரியர் நிஹால்.

"தெரியுமா இவரை?" என்றாள் ஆரணி. "உங்கட வயசுதானே."

"ஆர் கண்டது" என்றேன். கையிலிருந்த கோப்பையைக் கழுவாமலே அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

2

நிஹாலும் நானும் இறுதி வருடத்தில் ஒரே திட்டத்தில் வேலை செய்தோம். கண்டி நகரத்துக்குள்ளே குண்டு வெடித்த வருடம் அது. அதன் பிறகு கண்டியில் தமிழ்ப் பெயரோடு தெருவில் நடப்பதே ஒரு வேலையாகிவிட்டது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பொலிஸ்காரர்கள் அட்டையில் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், அந்த வரியைத்தான் பார்ப்பார்கள்.

நான் குண்டசாலையில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். வீட்டுக்கார அங்கிள் கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்தவர், நல்ல மனிதர். ஆனால் நான் வீட்டுக்கு வரப் பிந்தினால் முதலில் யன்னல் சீலையை இழுத்து மூடுவார், பிறகுதான் கதவைத் திறப்பார். "பிள்ளை, ஆரின்ரை கண்ணிலையும் படாமல் போய் வாரும்" என்பார். அவருக்கு என்மேல் சந்தேகமா, என்னால் தன்மேல் வரப்போகும் சந்தேகத்தைப் பற்றிய பயமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் கதவைத் திறக்கும்.

திட்டம் இதுதான். புசல்லாவைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் வெள்ளைக்காரன் காலத்து விசையாழி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்ட ஒரு கொழும்புக் கம்பனி முன்வந்தது. பல்கலைக்கழகம் ஓடையை அளந்து கொடுக்க வேண்டும். கூட்டு முயற்சி என்று பெரிதாகப் பேசினார்கள். கூட்டத்தில் நல்ல தேநீரும் கேக்கும் தந்தார்கள். கம்பனியின் பொறியியலாளர் என்னிடம், "நீங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கணக்கில் புலி அல்லவா" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு தான் சொன்ன சொல்லை நினைத்து அவரே சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கூட்டு முயற்சிக்குள் ஒருவருக்கு மற்றவர்மேல் துளி நம்பிக்கை கிடையாது. கம்பனிக்குச் சும்மா வேலை செய்ய ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். பிள்ளைகள் படம் கீறுவார்கள், விசையாழி ஓடாது என்று கம்பனிக்காரர் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து தொழிற்சாலையை எழுதி வாங்கப் போகிறார்கள் என்று தோட்டத்துத் துரை நினைத்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இருந்த ஒரு கொழுந்தெடுக்கும் அக்கா என்னிடமே நேராகக் கேட்டாள்.

"ஏம்மா, தண்ணிய எதுக்கு அளக்குறீங்க? அளந்து பாத்துட்டு எங்க பீலியில வர்ற குடிதண்ணிய கொறச்சிருவாங்களா?"

இல்லை அக்கா, உங்களுக்குக் கரண்ட் வரும் என்றேன்.

"கரண்டு தொழிற்சாலைக்கு வரும்மா. எங்களுக்கு எப்ப வந்துச்சு?" என்றாள்.

இந்தச் சந்தேகச் சந்தையில் நான் நம்பியது நிஹால் ஒருவனைத்தான். கடுகண்ணாவையில் அவனுடைய அப்பாவுக்கு ஒரு சின்ன இரும்புச் சாமான் கடை. அங்கிருந்துதான் எங்களுக்குக் குழாயும் கம்பியும் வரும். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் எனக்கு முன்னால் அவன் இறங்குவான். ஆமிக்காரனிடம் சிங்களத்தில் இரண்டு பகிடி விடுவான். "என்னோடு படிக்கிற பிள்ளை" என்பான். அந்த ஒரு வரி எனக்கு அடையாள அட்டையைவிடப் பெரிது. என் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில்கூட அவனைப் பற்றி இரண்டு வரி எழுதினேன். அம்மா அதைத் தவறாக விளங்கிக்கொண்டு மூன்று பக்கம் பதில் எழுதினாள்.

3

இப்போது நாங்கள் செய்த பெரிய கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் கடையில் உப்பு என்றால் ஈரமான, பெரிய கல்லுப்பு. ஈரம் இருந்தால் நிறை பிழைக்கும், நிறை பிழைத்தால் கணக்குப் பிழைக்கும். ஆகவே நாங்கள் உப்பை ஆய்வுகூடத்து அடுப்பில் காயவைத்து, மாவாக அரைத்து, தராசில் நிறுத்து, சின்னச் சின்ன பொலித்தீன் பைகளில் அடைத்து இலக்கம் போட்டோம். பார்த்தால் உப்புப் போலவே இல்லை. அத்தனை வெள்ளை, அத்தனை மென்மை. இரண்டு கெட்டிக்கார மாணவர்கள் சேர்ந்து, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சாமானை ஒருவருக்கும் தெரியாத சாமானாக மாற்றிவிட்டோம். அப்போது அது எங்களுக்கு உறைக்கவில்லை. விரிவுரையாளர்கூட மெச்சினார்.

முதல் தடவை அளந்தபோது ஒரு குழப்பமும் நடக்கவில்லை. நிஹால் மேலே நின்று ஊற்றினான், நான் கீழே கருவியைப் பார்த்தேன். ஓடை தோட்டத்தைத் தாண்டி ஒரு சிங்களக் கிராமத்துக்குள் போகும். தூரத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் கையைக் காட்டினோம். அவர்கள் திரும்பக் காட்டவில்லை.

அடுத்த வாரம் இரண்டாவது அளவு. நான் கண்டியில் பஸ் ஏறுவது, அவன் பேராதனைச் சந்தியில் அதே பஸ்ஸில் ஏறுவது என்பது ஏற்பாடு. சந்தியில் பஸ் நின்றது. யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தேன். அவன் இல்லை. நடத்துநர் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் கிளம்பிவிட்டது. இறங்கியிருக்கலாம். ஆனால் மழை தொடங்கினால் அந்தப் பருவத்து அளவு கையை விட்டுப் போய்விடும். அடுத்த பஸ்ஸில் வருவான் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஓடைக்கரையில் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அவன் வரவில்லை. இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருத்தி செய்வதென்றால் ஒரு வழிதான் உண்டு. கருவியைக் கீழே வைத்துவிட்டு, மேலே ஏறி வாளியில் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு, உப்புத் தண்ணீர் வந்து சேருவதற்குள் கீழே ஓட வேண்டும்.

அதைத்தான் செய்தேன். வெள்ளை மாவை வாளியில் கரைத்து ஓடையில் கொட்டினேன். கொட்டிவிட்டு ஓடினேன்.

யோசித்துப் பாருங்கள். யுத்த காலம். பிறத்தியாள் ஒருத்தி, ஊர் குடிக்கிற தண்ணீரில் ஏதோ ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுவிட்டு, விழுந்தடித்து ஓடுகிறாள். நான் அந்தக் கிராமத்துக்காரியாக இருந்தால் நானே கல்லெடுத்து எறிந்திருப்பேன்.

கருவியிடம் வந்து சேர்ந்தபோது அங்கே ஆறேழு பேர் நின்றார்கள். பிறகு இருபது பேர் ஆனார்கள். ஒருவன் கையில் மரம் வெட்டும் கத்தி இருந்தது. "வத்துரட்ட வஹ தாலா" என்று ஒரு குரல் கேட்டது. தண்ணீரில் நஞ்சு போட்டிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவும் அந்த நேரம் மறந்துபோனது. "லுணு, லுணு" என்று மட்டும் வந்தது. உப்பு, உப்பு. மீதிப் பையைத் தூக்கிக் காட்டினேன். அவர்கள் அதைப் பார்த்தார்கள். உப்பு இப்படியா இருக்கும்?

எனக்கு வந்த யோசனையைக் கேளுங்கள். பையைக் கிழித்து, ஒரு கை தூளை அள்ளி வாயில் போட்டேன். நான் தின்றுகாட்டினால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

கூட்டம் ஒரே கூச்சலாகப் பின்வாங்கியது. அந்தக் காலத்தில் கழுத்தில் சயனைட் கட்டியிருப்பவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்காதவர்கள் யாரும் இல்லை. பிடிபட்டதும் ஒரு தமிழ்ப் பெண் வெள்ளைத் தூளை அள்ளி வாயில் போடுகிறாள். அவர்களுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? எனக்கு உப்பு தொண்டையில் இறங்கிக் குமட்டியது, கண்ணால் தண்ணீர் ஓடியது, குனிந்து ஓங்காளித்தேன். அதைப் பார்த்து ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கத்தி வைத்திருந்தவன் மட்டும் கிட்ட வந்தான். நான் சாகப்போகிறேன் என்று அப்போது நன்றாகத் தெரிந்தது. பயம்கூட ஒரு கட்டத்துக்கு மேல் ஏறவில்லை. கருவியில் இலக்கம் ஏறத் தொடங்கியிருக்கும், எழுதவில்லையே என்று நினைத்தேன்.

அப்போது, துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கல்லிலிருந்து எழுந்து வந்தாள். கையெல்லாம் சவர்க்கார நுரை. கையை இடுப்பில் கட்டியிருந்த சீத்தைத் துணியில் துடைத்துவிட்டு, என் கையிலிருந்த பைக்குள் விரலை விட்டுத் தொட்டு, தன் நாக்கில் வைத்தாள். கத்திக்காரனும் அவளைப் பார்த்து நின்றான். அவள் முகத்தைச் சுளித்து, பக்கத்தில் துப்பினாள்.

"லுணு தமய்" என்றாள். உப்புத்தான்.

பிறகு என்னைப் பார்த்து, இவ்வளவு நல்ல உப்பை ஆற்றில் கொட்ட உனக்கு என்ன விசரா என்று ஏசத் தொடங்கினாள். கறிக்கு உப்பு வாங்க நாங்கள் படும் பாடு உனக்குத் தெரியுமா என்றாள். அவளுடைய ஏச்சை வாழ்க்கை முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கலாம்போல எனக்கு இருந்தது. அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்க நேரம் கிடைக்கவில்லை. பொலிஸ் ஜீப் வந்துவிட்டது.

4

அந்த ஜீப்தான் என் வயிற்றில் இன்றுவரை இருக்கும் கல்.

கூட்டம் கூடிப் பத்து நிமிடம் இருக்காது. கிராமத்தில் தொலைபேசி இல்லை. யாரும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கவும் முடியாது. என்னை ஏற்றிப்போன பொலிஸ் நிலையத்தில், எப்படி இவ்வளவு கெதியாக வந்தீர்கள் என்று கேட்டேன். அங்கிருந்த பெரிய அதிகாரி மறைக்காமல் சொன்னார்.

"காலையிலேயே எங்களுக்குத் தகவல் வந்துவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, பையோடு, ஓடைக்கு வருவாள் என்று."

நான் அன்று போவது தெரிந்தவர்கள் மிகச் சிலர். வீட்டுக்கார அங்கிளுக்கு நாள் தெரியும், இடம் தெரியாது. கம்பனிக்காரருக்கும் விரிவுரையாளருக்கும் இடம் தெரியும், நாள் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் ஒருவன்தான். அன்று வராதவனும் அவன்தான்.

பின்னேரம் எங்கள் விரிவுரையாளர் வந்து, இவள் என் மாணவி என்று கையெழுத்து வைத்துக் கூட்டிப் போனார். அதற்கு முன்பே கம்பனிப் பொறியியலாளரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "எங்களுக்குப் பல்கலைக்கழகத்தோடுதான் ஒப்பந்தம். தனித்தனி ஆட்களை எங்களுக்குத் தெரியாது" என்றார். என்னோடு கேக் சாப்பிட்ட மனிதர். அவர்மேல் கோபமே வரவில்லை, அவரிடம் நான் வேறு எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

நிஹால் இரண்டு நாள் கழித்து வந்தான். காய்ச்சல் என்றான். முகம் காய்ச்சல் முகமாக இல்லை. நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அதன் பிறகு என்னை மலைக்கு அனுப்பவில்லை. ஆய்வுகூடத்துக்குள் இருந்து செய்யும் வேறு ஒரு தலைப்பைத் தந்தார்கள். திட்ட அறிக்கை அவன் பெயரில் மட்டும் வந்தது. பரீட்சை முடிவு வந்ததும் கம்பனி அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் இரண்டு என்று சொல்ல எனக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. அடுத்த வருடமே நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன்.

யார் காட்டிக்கொடுத்தது என்ற கேள்வியைவிட, நம்பியவன் காட்டிக்கொடுத்தான் என்பதுதான் என்னைத் தின்றது. அந்த ஓடைக்குப் பிறகு நான் யாரையும் முழுவதாக நம்பவில்லை. இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரி ஆப்பிள் கேக் கொண்டுவந்து தந்தால், என்ன கேட்கப் போகிறாளோ என்று மூன்று நாள் காத்திருப்பேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். தட்டைத் திருப்பிக் கேட்கக்கூட வெட்கப்படுவாள்.

இதில் ஒரு சொல்கூட ஆரணிக்குத் தெரியாது. அம்மா கண்டியில் படித்தாள், அங்கே அட்டை கடிக்கும், இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த வரலாறு.

5

அவளைத் தடுக்க என்னால் ஆனதெல்லாம் செய்தேன். டெங்கு என்றேன். மண்சரிவு என்றேன். சாப்பாடு உறைக்கும் என்றேன். அவள் கையடக்கத் தொலைபேசியில் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். விசா எடுக்கப் போன இடத்தில் அம்மா எங்கே பிறந்தவர் என்று கேட்டிருக்கிறார்கள். "யாழ்ப்பாணம் எண்டு சொன்னன் அம்மா. அந்த அன்ரி, வடிவான இடம் எண்டு சொன்னவா" என்று சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அன்று நித்திரை இல்லை. வடிவான இடம் என்று ஏன் சொன்னாள்?

என் கணவர் வவுனியாக்காரர். யுத்தத்தை என்னைவிட அதிகம் பார்த்தவர், என்னைவிட நன்றாக நித்திரை கொள்கிறவர். அவருக்கு மட்டும் கதை தெரியும்.

"பிள்ளையிட்டைச் சொல்லும். சொல்லிப்போட்டு விடும்" என்றார்.

"சொன்னால் பயந்திடுவாள்."

"பயப்படமாட்டாள் எண்டுதான் உமக்குப் பயம்."

நான் வெங்காயம் வெட்டினேன். கடைசியில், போவதற்கு முதல் நாள், அவளுடைய பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னேன். ஓடை, தூள், கத்தி, ஜீப், எல்லாம். நிஹாலையும் சொன்னேன். அவள் கட்டிலில் இருந்து கேட்டாள். இடையில் நோர்வேஜிய மொழியில் ஏதோ சொன்னாள், பிறகு தமிழுக்கு வந்தாள்.

"நீங்கள் அவரைக் கேக்கேல்லையா?"

"எதை?"

"ஏன் வரேல்லை எண்டு."

"அதெல்லாம் கேக்கிற விசயமில்லை."

"ஏன்?"

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதுதான் கரைச்சல். கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் கேள்வி கேட்பது பொலிஸ், பதில் சொல்வது நாங்கள். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இன்னொரு சோடிக் காலுறையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"அந்த மனுசனோட தனிய எங்கையும் போகாதை" என்றேன். "அவர் வாறன் எண்டு சொல்லி வராட்டில், நீ போகாதை. விளங்குதா? பஸ்ஸை விட்டு இறங்கி விடு."

"ஓம் அம்மா" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பகிடி பண்ணாமல் ஓம் என்றாள்.

6

போன பத்து நாளும் நான் மனிசியாக இருக்கவில்லை. அவளிடமிருந்து படம் வரும். மலை, தேயிலை, குண்டசாலையில் தங்கியிருக்கும் வீடு, முச்சக்கரவண்டி, ரொட்டி. படத்தில் அவளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பெரிதாக்கிப் பார்ப்பேன். முந்தநாள் மத்தியானம் வேலையிடத்தில் இருக்கும்போது அழைப்பு வந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வெளியே வந்து காருக்குள் இருந்தேன்.

"அம்மா, நாங்கள் புசல்லாவைக்கு மேல நிக்கிறம். இப்ப உப்பு ஊத்தினனாங்கள். ஒரு விசயம் சொல்லவேணும்."

அங்கே ஒரு வழக்கம் இருக்கிறதாம். ஆய்வுகூடத்திலிருந்து உப்புக் கொண்டுபோகக் கூடாது. அந்தந்த ஊர்க் கடையிலேயே வாங்க வேண்டும். கடைக்காரரையோ, ஓடையில் நிற்கிற ஒருவரையோ கூப்பிட்டு, அவர் கையாலேயே பைக்கற்றைப் பிரிக்க வைக்க வேண்டும். அவர் முதலில் ருசி பார்ப்பார். பிறகு மாணவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு உப்புக்கல் வாயில் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் வாளியில் கரைப்பார்கள். ஊற்றிவிட்டு யாரும் ஓடக் கூடாது. மேலே ஒருவர், கீழே ஒருவர், கட்டாயம். ஒருவர் வராவிட்டால் அன்று அளவு இல்லை.

"ஏன் இப்பிடி எண்டு பிள்ளையள் ஒருத்தருக்கும் தெரியாது அம்மா. எங்கட டிப்பார்ட்மென்ட் பழக்கம் எண்டு சொல்லுதுகள். ராசிக்காம்."

கார்க் கண்ணாடியை ஏற்றி மூடினேன்.

"நான் அவரைக் கேட்டன்" என்றாள்.

"ஆரை?"

"புரொபசரை. நான் சுபத்திரான்ர மகள் எண்டு சொன்னன். அவருக்கு முதலே தெரியுமாம், என்ர படிவத்தில உங்கட பேரைக் கண்ட உடனையே. அண்டைக்கு ஏன் வரேல்லை எண்டு கேட்டன்."

"ஐயோ ஆரணி."

"கேளுங்கோ அம்மா. அதுக்கு முதல் நாள் கம்பனி டிரைவர் ஒராள் அவருக்குச் சொன்னவராம், அந்த ஊர்ச் சனம் உங்கள் ரெண்டு பேரிலும் கோவமா இருக்கினம், திரும்ப வந்தால் அடிப்பினம் எண்டு. உங்களை மறிக்கத்தான் சந்திக்கு வந்தவராம். எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடையில நிண்டவராம். பஸ் வந்ததாம். நீங்கள் தலையை நீட்டிப் பாத்ததைக் கண்டவராம். கால் வரேல்லையாம். பயம். பஸ்ஸில ஏறினால் உங்களோட சேத்துத் தன்னையும்... அதை முடிக்காமல் விட்டுட்டார். நீங்கள் தனியப் போகமாட்டீங்கள், இறங்கிடுவீங்கள் எண்டு நினைச்சாராம். பஸ் போனாப் பிறகுதான் பொலிசுக்குக் கோல் எடுத்தவராம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒராள் உப்புப் பையோட ஓடையை அளக்கப் போறா, சனம் பிழையா விளங்கிடும், போய்ப் பாருங்கோ எண்டு."

ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தான் போகாமல் பொலிசை அனுப்பினதை அம்மாட்டைச் சொல்லு எண்டவர். தமிழில சொல்லத் தெரியாதாம். அழுதவர் எண்டு நினைக்கிறன். சரியாத் தெரியேல்லை, அவர் அங்கால திரும்பி நிண்டவர்."

ஆக, நான் பிழைவிடவில்லை. காட்டிக்கொடுத்தது அவன்தான். இத்தனை வருடச் சந்தேகம் அச்சொட்டாகச் சரி. அந்த ஜீப் வராமல் இருந்திருந்தால், அந்தப் பெண் உப்புத்தான் என்று சொன்ன பிறகும் கத்திக்காரன் என்ன செய்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியாது. என் உயிருக்கு விலை வைத்தவன் என்று நான் வெறுத்த மனிதன் பயந்தவன், பயந்த இடத்திலிருந்து தனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தவன். எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அறிக்கையில் என் பெயர் எங்கே போனது என்று ஆரணி கேட்கவில்லை. அதையும் கேள் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தச் சந்தேகம் ஒன்றாவது எனக்குத் துணைக்கு இருக்கட்டும்.

"அவர் உப்பு ருசி பாத்தவரா?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். அவர் வாளிக்குக் கிட்டவே வாறேல்லை. கீழ, கருவிக்குப் பக்கத்திலதான் நிப்பாராம், எப்பவும்."

7

இன்று காலை மறுபடியும் பேர்கனுக்கு வடக்கே அதே ஓடைக்குப் போனோம். பொடியன் வாளியை எடுக்கக் குனிந்தான். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். முதுகு எப்படி என்று கேட்டான். சுகமாகிவிட்டது என்றேன். வாளி நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன்.

உப்பைக் கரைப்பதற்கு முன், நாயோடு அந்தக் கிழவி வந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் அவளை மறித்து, இது உப்பு என்றேன்.

"தெரியும்" என்றாள். "போன தடவையே சொன்னீர்களே."

பைக்கற்றைப் பிரித்து அவளிடம் நீட்டினேன்.

அவள் சிரித்தாள். "வேண்டாம், நான் உங்களை நம்புகிறேன்."

"நம்ப வேண்டாம்" என்றேன். "ருசி பாருங்கள்."